ஞாயிறு மாலை, புளூ லகூன்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் என்றாலே எல்லோரும் கோல்டன் மைல் கடற்கரையைத்தான் சொல்வார்கள். நான் தங்கியிருந்த, சாட்ஸ்வொர்த் புறநகர் வீட்டு ஆன்ட்டி, ஞாயிறு மதியம் பிரியாணிச் சட்டியைக் காரில் ஏற்றியதும் அங்கேதான் போகிறோம் என்று நினைத்தேன். கார் நிற்காமல் அதைத் தாண்டி வடக்கே போனது.

வழியில் டர்பன் கன்ட்ரி கிளப் வந்தபோது அங்கிள் வண்டியை மெதுவாக்கினார். பாப்வா செவ்கோலம் என்ற இந்திய வம்சாவளி கோல்ஃப் வீரர் 1963-இல் நேட்டால் ஓப்பன் போட்டியை ஜெயித்தது இங்கேதான். வெள்ளையர் அல்லாதவர் கிளப்புக்குள் நுழையக் கூடாது என்பதால், கோப்பையை வெளியே மழையில் நின்று வாங்கினார். "அதனால்தான் நான் கோல்ஃப் பக்கம் போகாமல் தூண்டிலோடு நிறுத்திக்கொண்டேன்" என்று சிரித்தார் அங்கிள்.

உம்கேனி ஆறு கடலில் கலக்கும் இடம்தான் புளூ லகூன். டிக்கியைத் திறந்து வைத்துப் பாட்டு, மடக்கு நாற்காலிகள், மிளகாய் மசாலா தூவிய அன்னாசித் துண்டு. எங்கு பார்த்தாலும் நம் சாயல். 1860-இல் ட்ரூரோ கப்பலில் மதராஸிலிருந்து தொடங்கிய கரும்புத் தோட்டத் தொழிலாளர் வரவின் வாரிசுகள். பேச்செல்லாம் ஆங்கிலம்தான்.

கோல்டன் மைலில் ஏன் இறங்கவில்லை என்று ஆன்ட்டியிடம் கேட்டேன். சின்ன வயதில் பஸ்ஸில் போகும்போது, கரையோரக் குளத்தில் வெள்ளைக்காரக் குழந்தைகள் ஆடுவதைப் பார்த்து அப்பாவிடம் அடம்பிடிப்பாராம். "தண்ணி அழுக்கும்மா" என்பாராம் அவர். படிக்கத் தெரிந்த பிறகுதான் பலகையில் எழுதியிருந்தது புரிந்தது: இந்தக் குளியலிடம் வெள்ளையருக்கு மட்டும். ஆங்கிலம், ஆஃப்ரிகான்ஸ், ஜூலு என மூன்று மொழியில். பொது இடங்களை இனவாரியாகப் பிரிக்கும் சட்டம் 1953-இல் வந்தது. அதற்கு ஒரு வருடம் முன்புதான் சுறா வராமலிருக்க இந்தக் கடலில் வலை கட்டியிருந்தார்கள்!

1989-இல் இந்தப் பிரிவினைக்கு எதிரான போராட்டங்கள் வலுத்தன. அந்த நவம்பரில் கடற்கரைகள் எல்லோருக்கும் திறக்கும் என்று அதிபர் டி கிளர்க் அறிவித்தார். அடுத்த ஆண்டு சட்டமே போனது. ஆன்ட்டி குழந்தைகளோடு கோல்டன் மைலுக்குப் போனார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. துண்டை விரித்து உட்கார்ந்ததும் பக்கத்துக் குடும்பம் மட்டும் எழுந்து, பத்தடி தள்ளிப் போய் உட்கார்ந்தது.

சரி, அந்தப் பத்தடிதான் இன்றும் இவர்களை இங்கே இழுத்து வருகிறதா? பாதிதான் என்று தோன்றுகிறது. சட்டியைத் திறந்து கையால் சாப்பிட்டு, சத்தம் போட்டுச் சிரித்து, அக்கம்பக்கம் பார்க்காமல் சாய்ந்து கிடக்க ஓர் இடம் வேண்டுமே. மறுநாள் ஒரு காபிக் கடைக்குப் போனேன். கவனிப்பில் குறையே இல்லை. ஆனாலும் உட்காரும் முன் நம் நிறத்தில் யாராவது இருக்கிறார்களா என்று என் கண் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் வந்தது.

ஆன்ட்டியின் பேத்தி கோல்டன் மைலில்தான் சர்ஃபிங் பழகுகிறாள். இருட்டும் நேரத்தில் தலை ஈரத்தோடு புளூ லகூனுக்கு வந்து, மிச்சமிருந்த பிரியாணியை வழித்துச் சாப்பிட்டாள். நீங்கள் போவதானால் ஞாயிறு மூன்று மணிக்குள் போய்விடுங்கள். அப்புறம் காரை நிறுத்த இடம் கிடைக்காது.