பற்று எது, வரவு எது: என் பி.காம். மூன்று வருடம்

பன்னிரண்டாம் வகுப்பில் கணக்குப்பதிவியலில் 200-க்கு 191 வாங்கியிருந்தேன். அந்தத் தைரியத்தில்தான் 2016-இல் பி.காம். சேர்ந்தேன். முதல் செமஸ்டரிலேயே ஃபைனான்ஷியல் அக்கவுண்டிங் தாளில் அரியர். எழுத்துத் தேர்வில் 75-க்கு 19. தமிழ் வழியில் படித்துவிட்டு வருகிற தம்பி தங்கைகள் பலர் இதே இடத்தில் சறுக்கி, 'நமக்குக் கணக்கு வராது' என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் ஊர் சாத்தூர் பக்கம். அப்பாவுக்குச் சின்ன மளிகைக் கடை. எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். வகுப்பு முழுக்க ஆங்கிலம். பேரேடு லெட்ஜர் ஆனது, எல்லாப் பற்றும் எல்லா வரவும் சமமா என்று பார்க்கும் இருப்பாய்வு ட்ரையல் பேலன்ஸ் ஆனது, அனாமத்துக் கணக்கு சஸ்பென்ஸ் அக்கவுண்ட் ஆனது. ஐயக்கடன் ஒதுக்கைப் புரொவிஷன் ஃபார் டவுட்ஃபுல் டெட்ஸ் என்று மேடம் சொல்லிக்கொண்டே போக, அது எனக்கு ஏற்கெனவே தெரிந்த விஷயம் என்பதே பத்து நிமிடம் கழித்துத்தான் உறைத்தது. ஒரு நாற்பது பக்க நோட்டை நடுவில் கோடு போட்டு, இடப்பக்கம் தமிழ்ச்சொல், வலப்பக்கம் ஆங்கிலச்சொல் என்று எழுதத் தொடங்கினேன். மூன்று மாதத்தில் முந்நூறு சொற்கள் சேர்ந்தன. மொழிச் சிக்கல் அதோடு பெரும்பாலும் தீர்ந்தது. மதிப்பெண் மட்டும் வரவில்லை.

காரணம் வேறு. பள்ளியில் விதிகளை மனப்பாடம் செய்திருந்தேன். 'உள்ளே வருவதைப் பற்று வை, வெளியே செல்வதை வரவு வை.' இதை நூறு தடவை எழுதியிருப்பேன். ஆனால் வீட்டில் வரவு என்றால் வருமானம். வரவுக்கு மீறி செலவு செய்யாதே என்றுதான் அம்மா சொல்வார். அப்படியிருக்க, பணம் உள்ளே வந்தால் பற்று, வெளியே போனால் வரவு என்கிறது பாடம். பள்ளிப் புத்தகத்தில் இருந்த மாதிரிக் கணக்குகளே தேர்விலும் வந்ததால் இந்த முரண் என்னைத் தடுக்கவில்லை. கல்லூரியில் கணக்கைக் கொஞ்சம் திருப்பிக் கேட்டார்கள், அவ்வளவுதான், கை நின்றுவிட்டது. நம் ஏட்டையும் வங்கி பாஸ்புக்கையும் ஒப்பிடும் வங்கிச் சரிகட்டும் பட்டியலில், பாஸ்புக்கில் ஏன் எல்லாம் தலைகீழாக இருக்கிறது என்பது கடைசி வரை புரியாமலே தேர்வு எழுதினேன்.

அது நடந்தது 2016 நவம்பர். 8-ஆம் தேதி இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். மறுநாளிலிருந்து கடையில் கைக்காசு வியாபாரம் ஏறக்குறைய நின்றுபோனது. யாரிடமும் சில்லறை இல்லை. தெருவில் பாதிப் பேர் கடனுக்கு வாங்கினார்கள். அப்பாவின் கடன் நோட்டு ஒன்று மூன்றாகப் பெருகியது. அவரால் எழுதி முடியவில்லை. செமஸ்டர் முடிந்ததும் சாயங்காலங்களில் நான் உட்கார்ந்து எழுதினேன்.

அப்பாவின் நோட்டில் ஒரு வீட்டுக்கு ஒரு பக்கம். இடப்பக்கத்துக்கு மேலே பற்று, வலப்பக்கத்துக்கு மேலே வரவு. டீக்கடை அண்ணன் 640 ரூபாய்க்குச் சீனியும் தேயிலையும் எடுத்தால் அவர் பக்கத்தில் பற்று 640. நாலு நாள் கழித்து 300 கொடுத்தால் வரவு 300. அதாவது, அந்தப் பக்கத்துக்கு உரிய ஆள் எடுத்துக்கொண்டது பற்று, அந்த ஆளிடமிருந்து வந்தது வரவு. பெறுபவர் பற்று, தருபவர் வரவு என்று நான் மனப்பாடம் செய்த அதே விதி. அப்பா எட்டாவதுகூட முடிக்காதவர். தாத்தா எழுதியதைப் பார்த்து எழுதுகிறார்.

ஒரு நாள் அந்த 300-ஐக் கல்லாவில் போடும்போது தோன்றியது: கல்லாப்பெட்டிக்கும் ஒரு பக்கம் இருந்தால்? அதையும் ஒரு ஆளாக நினைத்தால், 300-ஐ அது எடுத்துக்கொண்டது. அப்போது கல்லாவின் பக்கத்தில் பற்று 300. ரொக்கக் கணக்கில் வருவது ஏன் பற்று என்பதற்கு அதற்கு மேல் எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை. வாடகை கொடுத்தால் 'வாடகை' என்கிற ஆள் பணத்தை எடுத்துக்கொள்கிறார், அவருக்குப் பற்று. கல்லாவிலிருந்து பணம் வந்தது, அதற்கு வரவு. அப்பா வங்கியில் 5,000 கட்டினால், நம் ஏட்டில் பக்கத்துக்கு உரியவர் வங்கி, எடுத்துக்கொண்டவரும் வங்கிதான், ஆக பற்று. வங்கியின் ஏட்டிலோ பக்கத்துக்கு உரியவர் அப்பா, பணம் வந்தது அவரிடமிருந்து, ஆக வரவு. பாஸ்புக் என்பது வங்கியின் ஏட்டிலிருந்து எடுத்த நகல். இரவு பதினொரு மணிக்குப் பழைய கேள்வித்தாளை எடுத்து வங்கிச் சரிகட்டும் பட்டியல் பற்றிய பத்து மதிப்பெண் கணக்கைப் போட்டேன். சரியாக வந்தது. அழுகை வந்துவிட்டது.

அரியர் தாளை 2017 ஏப்ரலில் இரண்டாம் செமஸ்டரோடு சேர்த்து எழுதினேன். 58 வந்தது. அரியர் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: தேர்வுக் கட்டணம் கட்டும் கடைசி நாளை யாராவது சொல்வார்கள் என்று காத்திருக்காதீர்கள். என்னோடு படித்த ஒருத்தி அபராதத்தோடு கட்டும் தேதியையும் தவறவிட்டு, ஒரு முழு வருடம் இழந்தாள்.

அப்புறம் பயிற்சி. கணக்குத் தாளைப் படித்துப் பார்த்துத் தேற முடியாது, போட்டுத்தான் ஆக வேண்டும். புத்தகத்தில் தீர்த்து வைத்த கணக்கைக் கண்ணால் பார்த்தால் எல்லாம் புரிந்த மாதிரி இருக்கும். விடையை மூடிவிட்டுப் போட்டால் மூன்றாவது சரிக்கட்டுப் பதிவில் (அட்ஜஸ்ட்மென்ட்) மாட்டிக்கொள்வோம். நான் தினமும் இரண்டு கணக்கு, விடையை மூடி வைத்து, கடிகாரம் பார்த்துப் போட்டேன். இருப்பாய்வு ஒத்துப்போகாவிட்டால் என்ன செய்வது என்று மேடம் கற்றுத் தந்தது இன்றைக்கும் பயன்படுகிறது. வித்தியாசத்தைப் பாதியாக்கி, அந்தத் தொகை தப்பான பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால், வித்தியாசம் 9-ஆல் வகுபடுகிறதா என்று பார்க்க வேண்டும். வகுபட்டால், எங்கேயோ இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருக்க வாய்ப்பு அதிகம்.

மூன்றாம் செமஸ்டர் தொடங்கிய சமயம், 2017 ஜூலை 1-ஆம் தேதி ஜி.எஸ்.டி. வந்தது. பாடத்தில் வருவதற்கு முன்பே கடையில் வந்துவிட்டது. அப்போது சீனிக்கு 5 சதவீதம், எண்ணெய்க்கு 5, சோப்புக்கும் பிஸ்கட்டுக்கும் 18, மூட்டையிலிருந்து அளந்து கொடுக்கும் அரிசிக்கு வரி இல்லை. அப்பா தூக்கமில்லாமல் தவித்தார். ஆடிட்டர் அலுவலகத்தில் கேட்டு, காம்போசிஷன் திட்டத்தில் சேர்ந்தோம். அப்போது விற்பனையில் 1 சதவீதம் கட்டினால் போதும், மூன்று மாதத்துக்கு ஒரு ரிட்டர்ன். ஆனால் அந்த வரியை வாடிக்கையாளரிடம் தனியாக வாங்கக் கூடாது, கொள்முதலில் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளவும் முடியாது. கொள்முதல் பில்களைத் தேதிவாரியாக அடுக்கிக் கொடுத்தது நான்தான். பிறகு வகுப்பில் உள்ளீட்டு வரி, அதாவது கொள்முதலில் கட்டும் வரி பற்றி நடத்தியபோது, புத்தகத்தைப் பார்க்காமலே பதில் சொன்னேன்.

கூட்டாண்மைக் கணக்குகளை எல்லாரும் பயமுறுத்துவார்கள். எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். குறிப்பாகக் கார்னர் எதிர் மர்ரி, இங்கிலாந்தில் தீர்ப்பான பழைய வழக்கு. மூன்று கூட்டாளிகள். போட்ட முதலீடு ஆளுக்கு ஆள் வேறு, லாபம் மட்டும் சமபங்கு. கலைக்கும்போது ஒருவரால் தன் பாக்கியைக் கட்ட முடியவில்லை. அந்தக் குறையை மற்ற இருவரும் லாப விகிதத்தில் ஏற்பதா, முதலீட்டு விகிதத்தில் ஏற்பதா? முதலீட்டு விகிதத்தில்தான் என்று தீர்ப்பு வந்தது. பங்காளிச் சண்டைகளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது வெறும் கணக்காகத் தெரியாது.

காஸ்ட் அக்கவுண்டிங்கில் (அடக்கவிலைக் கணக்கு) இயல்பான இழப்பு, இயல்பு மீறிய இழப்பு என்று வரும். மூட்டை வெல்லம் வெயிலில் கசிந்து கொஞ்சம் எடை குறையும். அதை எதிர்பார்த்துத்தான் அப்பா மிச்ச வெல்லத்துக்கு விலை வைப்பார். எலி கடித்து ஒரு மூட்டைத் துவரம்பருப்பு வீணானால் அதை மற்ற பருப்பின் விலையில் ஏற்ற மாட்டார், தன் லாபத்தில்தான் கழிப்பார். பாடமும் அதையேதான் சொல்கிறது. கம்பெனிக் கணக்குகளுக்கு மட்டும் இப்படி ஓர் உதாரணம் கடையில் கிடைக்கவில்லை. பணம் கட்டாதவரின் பங்கைப் பறிக்கும் ஒறுப்பிழப்பு, அதைத் திரும்ப விற்கும் மறுவெளியீடு எல்லாம் முழுக்கப் பயிற்சியால்தான் வந்தன.

வருமான வரித் தாளில் செய்த தவற்றையும் சொல்லிவிடுகிறேன். சீனியர் அக்காவிடம் பாதி விலைக்குப் பழைய புத்தகம் வாங்கினேன். சம்பளத் தலைப்பில் என் விடையும் வகுப்பில் போட்ட விடையும் ஒரு வாரமாக ஒத்துப்போகவில்லை. 2018 பட்ஜெட்டில் மாதம் 1,600 ரூபாய் போக்குவரத்துப்படி விலக்கையும், வருடத்துக்கு 15,000 வரையான மருத்துவச் செலவு விலக்கையும் எடுத்துவிட்டு, மொத்தமாக 40,000 ரூபாய் நிலைக் கழிவு கொண்டுவந்திருந்தார்கள். என் புத்தகம் அதற்கு முந்தைய பதிப்பு. மற்ற எல்லாத் தாளுக்கும் பழைய புத்தகம் வாங்கலாம். வரிக்கு மட்டும் அந்த வருடப் பதிப்பையே வாங்குங்கள், இல்லையென்றால் நூலகத்தில் இருப்பதைப் பிரதி எடுங்கள்.

2019 ஏப்ரலில் கடைசித் தேர்வு முடிந்தது. மே மாதம், முடிவு வருவதற்குள், மார்ச் 31-ஆம் தேதிக்கான கடையின் இறுதிக் கணக்கைக் கையாலேயே போட்டுப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். நான்கு நாள் வேலை. கல்லா, வங்கி, சரக்கு, வாடகை, மின்கட்டணம், அறுபத்து மூன்று வீட்டுப் பக்கங்கள். இருப்பாய்வில் 90 ரூபாய் உதைத்தது. பாதியாக்கி 45-ஐத் தேடினேன், கிடைக்கவில்லை. 90 ஒன்பதால் வகுபடும். ஒவ்வொரு பக்கமாகத் தினசரி நோட்டோடு ஒப்பிட்டுக்கொண்டே வந்தேன். டீக்கடை அண்ணன் பக்கத்தில், பிப்ரவரியில், 540 என்று எழுத வேண்டியதை 450 என்று எழுதியிருந்தது. என் கையெழுத்துதான்.

திருத்தினேன். இரண்டு பக்கமும் ஒத்துப்போனது. கடையைச் சாத்திவிட்டு வந்த அப்பா தாளை வாங்கி விளக்குக்குக் கீழே பிடித்து, மேலிருந்து கீழ் வரை விரலை வைத்துக்கொண்டே பார்த்தார். பிறகு கேட்டார்: "அப்போ டீக்கடைக்காரர் இன்னும் எவ்வளவு தரணும்மா?"