மூணாவது கையெழுத்து

ஜூன் 8, 2025
வாங்கப்போற இடத்துக்கு வில்லங்கம் மறுபடி போட்டு பாத்தேன், 1975ல இருந்து. சுத்தமா இருக்கு. இது நாலாவது தடவை.

ஜூன் 11
வக்கீல் சார் செத்துப்போன இடத்துக்காரரோட வாரிசு சான்ற எடுத்து வெச்சிகிட்டு ஒண்ணுமே பேசல. அப்பறம் விரல வெச்சு காட்டறாரு, நாலு பேரு இருக்கு, அவரு சம்சாரம் போயிட்டாங்க, மீதி மூணு, அக்ரிமென்ட்ல கையெழுத்து ரெண்டு தானேன்னாரு. மூணாவது ஆளு அவங்க தங்கச்சி, மலேசியாவுல இருக்காம். பட்டாவுல அண்ணன் தம்பி பேர் மட்டும் தான் ஏறியிருக்கு, நானும் பட்டாவ பாத்துட்டு அட்வான்ஸ் செக்க நீட்டிட்டேன். பட்டா வெச்சு பாத்தியதை வந்துடாதுப்பான்னாரு. 2 லட்சம். அம்மா வளையல அடகு வெச்ச காசு.

ஜூன் 12
தூக்கம் இல்ல.

ஜூன் 15
புரோக்கர் அண்ணன் சிரிக்கறாரு. "அந்த பொண்ணுக்கு 40 பவுன் போட்டு கட்டி குடுத்தாச்சு தம்பி, அதோட முடிஞ்சுது." எங்க முடிஞ்சுது? இடம் அவங்க அப்பா சொந்த சம்பாத்தியம், உயில் எழுதல, 1956 சட்டப்படியே பொண்ணுக்கும் பையனுக்கும் சம பங்கு. நகை போட்டா பங்கு போயிடும்னு எந்த பத்திரத்துல எழுதியிருக்கு. இதெல்லாம் அவர்கிட்ட கேக்கல, டீ குடிச்சிட்டு வந்துட்டேன்.

2009ல எங்க அக்கா பங்கு வேணாம்னு கையெழுத்து போட்டப்ப நான் தான் பேனா குடுத்தேன்.

ஜூன் 19
இப்ப புரோக்கர் அண்ணன் புதுசா ஒண்ணு சொல்றாரு. பேசுன விலை 18 லட்சம், பத்திரத்துல அரசு வழிகாட்டு மதிப்பு 7 லட்சம் மட்டும் போடலாம், மீதி கையிலயாம். ஸ்டாம்பும் பீஸும் சேத்து 9 சதவீதம், 18க்கு 1,62,000, 7க்கு 63,000. 99,000 மிச்சம்னு அவரே கால்குலேட்டர்ல அடிச்சு காட்டறாரு. பேங்க் லோன் யாரு தருவா? நாளைக்கு நான் வித்தா 7க்கு வாங்கினேன்னு தான கணக்கு, லாபம் அதிகமா தெரிஞ்சு வரியும் அதிகமா போகும். 20,000க்கு மேல ரொக்கமா வாங்கினா வாங்கினவருக்கு தான் அதே அளவு அபராதம்னு சொன்னதும் கொஞ்சம் அமைதியானாரு. ராத்திரி படுத்துட்டு 99,000த்த நானும் நெனச்சேன், பொய் சொல்லல.

ஜூன் 20
வில்லங்கம் பாத்தேன். சுத்தம்.

ஜூன் 26
பேங்க்லயும் அதே தான், மூணாவது கையெழுத்து இல்லாம லீகல் ஓகே ஆகாது. அந்த பொண்ணு அங்க நம்ம தூதரகத்துல, தனக்கு பதிலா கையெழுத்து போட பவர் எழுதி அனுப்பணும், இங்க வந்து சேந்து 3 மாசத்துக்குள்ள ஸ்டாம்ப் கட்டணும். அக்ரிமென்ட் கெடு ஜூலை 16. மறுநாள் ஆடி. தேதி போட்டப்ப பஞ்சாங்கம் பாத்தோம், வாரிசு சான்ற பாக்கல.

ஜூலை 2
அண்ணன்காரர் தங்கச்சி நம்பர் தர மாட்டேங்கறாரு. "அது ஒண்ணும் கேக்காதுங்க."

எங்க அக்காவும் ஒண்ணும் கேக்கல.

ஜூலை 5
மழை. வளையலுக்கு வட்டி கட்டிட்டு வந்தேன்.

ஜூலை 9
நம்பர் தம்பிகாரர் குடுத்தாரு, அண்ணனுக்கு தெரிய வேணாம்னு. மூணு தடவை அடிச்சேன், எடுக்கல. வாட்ஸாப்ல ரெண்டு வரி போட்டேன். ப்ளூ டிக்.

ஜூலை 13
அம்மா கேக்கறாங்க, பத்திரப்பதிவுக்கு டோக்கன் போட்டாச்சா டான்னு. அஷ்டமி நவமி இல்லாத நாளா பாருன்னு வேற.

ஜூலை 14
அவங்களே கூப்டாங்க. நான் அட்வான்ஸ், கெடு, பவர்னு மூச்சு விடாம பேசிட்டேன். முழுசா கேட்டுட்டு, "அப்பா இடத்த விக்கறாங்களா தம்பி?"ன்னாங்க.

ஜூலை 15
அக்காவுக்கு போன் அடிச்சேன். பிஸி.