எல்லா வரியிலும் 127.0.0.1

திருப்பூரில் ஒரு துணிக்கடைக்கு இணையப் பக்கம் செய்துகொண்டிருந்தேன். முதலாளிக்கு அன்றைக்கே காட்ட வேண்டும். சர்வர் எதுவும் வாங்கியிருக்கவில்லை. என் வீட்டு இணைப்பில் ஒரே ஐ.பி. முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்து தருகிறார்கள். ரவுட்டரில் போர்ட்டை, அதாவது இணைப்புகள் உள்ளே வரும் வாசலைத் திறந்தாலும் வெளியாள் உள்ளே வர முடியாது.

சரி என்று டெர்மினலில் 'பைத்தான்3 -எம் ஹெச்டிடிபி.சர்வர் 8000' ஓட்டினேன். நம் கணினியையே 8000 போர்ட்டில் ஒரு சின்னச் சர்வராக்கும் கட்டளை அது. பக்கத்து விண்டோவில் 'என்கிராக் ஹெச்டிடிபி 8000'. என்கிராக் நம் கணினியிலிருந்து தன் சர்வருக்கு ஒரு இணைப்பை, டனல் என்பார்கள், போட்டு வைத்துக்கொள்ளும். பார்க்க வருகிறவர்கள் அந்த வழியாகவே வருவார்கள். ரவுட்டரைத் தொடவே வேண்டாம். கிடைத்த லிங்கை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். இந்த எளிமை எனக்கு இன்றும் பிடிக்கும்.

கொஞ்ச நேரத்தில் போன் வந்தது. "தம்பி, பக்கம் நல்லா இருக்கு. ஆனா லிங்குல கடைசிப் பேரை அழிச்சுட்டுப் பார்த்தா என்னென்னமோ லிஸ்டு வருதே?"

சர்வரை நான் ஓட்டியது கடையின் போல்டரில் இல்லை. அதற்கு மேலே, எல்லா வேலைகளும் கிடக்கும் போல்டரில். எங்கே நின்று ஓட்டுகிறோமோ அந்தப் போல்டரை முழுசாகக் கொடுத்துவிடும் இந்தச் சர்வர். முகப்பாக வரும் இண்டெக்ஸ் பக்கம் இல்லாவிட்டால் கோப்புப் பட்டியலையே காட்டும், புள்ளியில் தொடங்கும் கோப்புகள் உட்பட. இன்னொரு வாடிக்கையாளரின் பில்களும் அங்கேதான் இருந்தன.

கன்ட்ரோல்-சி அழுத்தி சர்வரை நிறுத்திவிட்டு, யார் எதைக் கேட்டார்கள் என்று அது டெர்மினலில் எழுதியிருந்த பதிவுகளைப் படித்தேன். எல்லா வரியும் 127.0.0.1 என்றே தொடங்கியது. ஒரு கணினி தன்னையே குறிக்கும் முகவரி அது. கோரிக்கைகளை வாங்கிச் சர்வரிடம் கொடுப்பது நம் கணினியில் ஓடும் என்கிராக்தான் என்பதால், யார் வந்தாலும் நானே கேட்டது போலத்தான் பதிவாகும். நடுவில் ஒரு வரி, '/.என்வி' கேட்டு 404, அதாவது 'அப்படி ஒன்று இல்லை' என்ற பதிலை வாங்கியிருந்தது. கடவுச்சொற்களை வைக்கும் கோப்பு அந்த '.என்வி'. துணிக்கடைக்காரர் அதைக் கேட்டிருக்க மாட்டார். நல்லவேளை, டனலை நான் மூடியிருக்கவில்லை. 4040 போர்ட்டில் அதன் கண்காணிப்புப் பக்கத்தைத் திறந்தால், வந்தவர்களின் உண்மையான முகவரிகள் ஹெட்டரில், அதாவது ஒவ்வொரு கோரிக்கையோடும் வரும் குறிப்புகளில் இருந்தன. இரண்டு பேர். பில் போல்டரை இருவருமே திறக்கவில்லை.

அப்புறம் கடையின் கோப்புகளை மட்டும் தனிப் போல்டரில் வைத்து, அதை மட்டும் தரும்படி சர்வருக்கு '--டைரக்டரி' கொடுத்து, டனலுக்குக் கடவுச்சொல்லும் போட்டுப் புது லிங்க் அனுப்பினேன்.

பில்காரருக்கும் அன்றைக்கே போன் செய்து நடந்ததைச் சொன்னேன். யாரும் திறக்கவில்லைதான், ஆனால் அது அவருடைய கணக்கு. சற்று நேரம் அவர் பேசவில்லை. பிறகு எந்தெந்த மாதத்து பில்கள் என்று கேட்டுக் குறித்துக்கொண்டார்.