எட்டாம் கிரேட்டுக்கு முன் ஒரு கொயரில் சேருங்கள்

ஏழாம் கிரேட் பியானோ முடிவு வந்த அன்று அம்மாவுக்குச் சந்தோஷம், எனக்கு இல்லை. 150க்கு 105. லண்டன் சங்கீதப் பரீட்சை அமைப்பான ஏபிஆர்எஸ்எம்மின் பரீட்சையில் 100 எடுத்தால்தான் பாஸ். மூன்று பீஸ்களுக்கும் சேர்த்து 90இல் 71 வந்திருந்தது; ஸ்கேல்ஸ், அதாவது சுர வரிசைகள், 21க்கு 15. கவிழ்த்தவை மற்ற இரண்டும்தான்: முன்பின் பாராத இசைக்குறிப்பைப் பார்த்தவுடன் வாசிக்கும் சைட் ரீடிங் 21க்கு 10, செவிப் பரீட்சை 18க்கு 9. ஆறு மாதமாக அந்த மூன்று பீஸ்களையே உருட்டிக்கொண்டிருந்ததற்கு வேறென்ன கிடைக்கும்?

செவிப் பரீட்சையில், பரீட்சகர் இரண்டு குரலுக்கான ஒரு சிறு பகுதியை வாசித்தார். கீழ்க்குரலைத் திருப்பிப் பாட வேண்டும். நான் மேல்குரலைப் பாடிவிட்டு வந்தேன். இத்தனைக்கும் சின்ன வயதிலிருந்தே வெள்ளவத்தையில் கர்நாடக சங்கீதம் படித்தவள், வட இலங்கைச் சங்கீத சபைப் பரீட்சையும் எடுத்தவள். சுருதி பிடிபடும், தாளம் தப்பாது. ஆனால் இரண்டு வரி ஒன்றாக ஓடினால் காது மெட்டின் பின்னாலேயே போய்விடும். சங்கீதம் படித்துவிட்டுப் பியானோவுக்கு வரும் பிள்ளைகள் இதை எதிர்பார்த்தே இருங்கள்.

"கொயர் ஒன்றில போய் ஆல்டோ பாடும் பிள்ளை" என்றார் பியானோ ரீச்சர். ஆல்டோ என்பது பெண்களின் கீழ்க்குரல். நான் கோயிலுக்குப் போகிற ஆள். தயங்கித் தயங்கித்தான் தோழியின் தேவாலயக் கொயரில், பல குரலில் சேர்ந்து பாடும் அந்தக் குழுவில், சேர்ந்தேன். முதல் மாதம், மேல்குரல் பாடும் சொப்ரானோக்காரர் வாயைத் திறந்ததும் என் வரி காணாமல் போகும். நான்காம் மாதம் காலி வீதியில் பஸ்ஸில் போகும்போதுகூட ஓடுகிற பாட்டின் அடிவரியைத் தேட ஆரம்பித்துவிட்டேன். எட்டாம் கிரேட்டில் கேட்பது மூன்று குரலில் அடிக்குரல். 18க்கு 17 வந்தது, மொத்தம் 126, பாஸுக்கு மேல்படியான மெரிட்.

சைட் ரீடிங்கும் அங்கேதான் திருந்தியது. கொயருக்குப் பியானோ வாசிப்பவர் வராத ஒரு நாள் என்னை உட்கார வைத்துவிட்டார்கள். பிழை விட்டால் நின்று திருத்த முடியாது, பாடுகிறவர்கள் போய்க்கொண்டே இருப்பார்கள். பரீட்சையிலும் அதே கதைதான். தொடங்குமுன் அரை நிமிடம் தருவார்கள். சும்மா பார்த்துக்கொண்டிருக்காமல் கஷ்டமான இடத்தை வாசித்துப் பாருங்கள், அதற்கு அனுமதி உண்டு.

ஏபிஆர்எஸ்எம்மில் ஆறாம் கிரேட்டுக்குப் பதிய ஐந்தாம் கிரேட் தியரி எழுத்துப் பரீட்சையோ அதற்கு ஈடான ஒன்றோ வேண்டும். அதைக் கடைசி நேரத்துக்கு விடாதீர்கள். இன்னொரு லண்டன் பரீட்சை அமைப்பான ட்ரினிட்டியில் அந்த நிபந்தனை இல்லை.

இப்போது வகுப்பெடுக்கிறேன், ஒரு சிறிய கொயரையும் நடத்துகிறேன். கொழும்பில் மேடையில் வாசித்து மட்டும் வீட்டு வாடகை கட்டுகிற ஒருவரையும் நான் சந்தித்ததில்லை. இங்கே லயனல் வென்ட் அரங்குக்குப் பெயர் தந்த பியானோக் கலைஞரே புகைப்படக்காரராகவும் இருந்தார், போங்கள்.

அப்புறம், ஃபிளாட் வீட்டில் கீபோர்டில் பழகுகிறவர்கள் கடைசி மாதமாவது எங்காவது உண்மையான பியானோ ஒன்றைப் பிடியுங்கள். கட்டைகளின் பாரம் விரலுக்குப் பழக நாளெடுக்கும்.