மூத்த போடியாரின் புள்ளடி

எங்கள் குடும்பத்தில் மூத்த போடியாரை, அதாவது வயல் நிறைய வைத்திருந்த எங்கள் முன்னோரைப் பற்றிப் பேச்செடுத்தால் முதலில் வருவது ஒரு குறைதான்: பெற்ற பிள்ளைகளை விட்டுவிட்டு, சகோதரியின் பிள்ளைகளான மருமக்களுக்குக் காணியைத் தூக்கிக் கொடுத்தவர். என் அம்மம்மாவின் அம்மம்மாவைப் பெற்றவர் அவர். மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் வயல் செய்தவர். கொழும்பில் வளர்ந்த எனக்கு வந்து சேர்ந்த வரலாறு அவ்வளவே. மீதியைப் பெரியம்மாவின் தகரப் பெட்டியில் தேடலாமென்று மட்டக்களப்புக்கு ரயில் ஏறினேன்.

2014இல் திறந்த மண்முனைப் பாலத்தால் கொக்கட்டிச்சோலைக்குப் போவது இப்போது எளிது. நானோ வாவியைப் பார்க்கும் ஆசையில் குருக்கள்மடம் துறைக்குப் போய், மோட்டார் சைக்கிள்களுக்கும் மீன் கூடைகளுக்கும் நடுவே, 'பாதை' எனப்படும் மிதவைப் படகில் நின்றபடி அம்பிளாந்துறையில் கரையேறினேன். போடியாரின் நெல்லும் இந்த நீரைக் கடந்துதான் கிழக்குக் கரையான எழுவான்கரைக்குப் போயிருக்க வேண்டும்.

பெரியம்மா பெட்டியைத் திறந்ததும் இரசகற்பூர வாசம் எழுந்தது. 1978 நவம்பர் சூறாவளியில் கூரை போனபோது சாதகக் கட்டுகளும், உறவுமுறை எழுதிவைத்த கொப்பியும் ஊறி அழிந்துவிட்டன. காணி உறுதிகளை, அதாவது உரிமைப் பத்திரங்களை மட்டும் அவர் நெஞ்சோடு கட்டிக்கொண்டு நின்றாராம். பிறகு யுத்த காலத்து இடப்பெயர்வுகளிலும் அந்தப் பொட்டலம் கூடவே அலைந்தது. பாசத்தால் அல்ல. உறுதி இல்லாதவனுக்குக் காணி இல்லை.

பழையது ஒன்றை மடியில் விரித்தார். 1870களின் தொடக்கத்தில் எழுதிய சீதன உறுதி. மடிப்புகளில் கிழிந்து, பின்புறம் மெல்லிய துணி ஒட்டப்பட்டிருந்தது. 1840ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு காணி கைமாறுவதென்றால் நொத்தாரிசு என்ற பத்திரப் பதிவாளர் முன் எழுத வேண்டும். நமக்குப் பழங்காலத் தாள் கிடைப்பது அந்தப் புண்ணியத்தால். போடியார் தன் மகளுக்கு ஆறு அவணம் (பழைய நெல் அளவு) விதைக்கக்கூடிய பூமியைக் கொடுக்கிறார். வடக்கே வாய்க்கால், கிழக்கே மைத்துனரின் பூமி, தெற்கே வில் என்ற நீர்நிலை, மேற்கே காடு. கீழே மையில் கோணலாக ஒரு புள்ளடி, இரு கோடுகளைக் குறுக்கே இட்ட அடையாளம். அத்தனை வயல் ஆண்டவருக்குக் கையெழுத்து வராது. ஒரு கோடு மற்றதைவிடத் தடிப்பு. பேனையை அழுத்திப் பிடித்திருக்கிறார்.

என்னை நிறுத்தியது இரண்டு சொற்கள். அந்தப் பூமி தன் 'தேடிய தேட்டம்' என்கிறது உறுதி. 'முதுசொம்' பற்றி அதில் பேச்சே இல்லை. அக்கால மட்டக்களப்பில் நடப்பிலிருந்த, முக்குவர் சமூகத்தின் வழக்கமான முக்குவர் சட்டப்படி, தாய்வழியில் வந்த முதுசொம் ஓர் ஆணிடமிருந்து அவனுடைய பிள்ளைகளுக்குப் போகாது. சகோதரியின் பிள்ளைகளுக்கே போகும். உழைத்துத் தேடியது பிள்ளைகளுக்கு. 1876இன் வாரிசுரிமைச் சட்டம் வந்தபின்தான் அந்த முறை மறைந்தது. ஆக, மருமக்களுக்குப் போனது அவர் தூக்கிக் கொடுத்ததல்ல, அவர்களுக்குச் சேர வேண்டியதே. தன் கையால் தேடியதை மகளுக்கு எழுதியிருக்கிறார். அந்தக் காணியில் விளைந்த சோற்றைத் தின்று வளர்ந்த நாங்கள்தான் நூற்றைம்பது ஆண்டாக அவரைக் குறை சொல்லியிருக்கிறோம்!

"அவர் நம்முடைய குடியே இல்லை, மகன்," என்றார் பெரியம்மா. உண்மைதான். குடி என்ற குலப்பிரிவு தாய்வழி வருவது; அவர் மனைவி வீட்டுக்கு வந்து இருந்தவர். தந்தைவழிப் பெயர்களை அடுக்கி வரையும் வம்ச அட்டவணை இந்த ஊருக்கு உதவாது. கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரர் கோயிலில், நிர்வாகியான வண்ணக்கர் ஒருவர் என் பெயரைக் கேட்கவில்லை, "தாய் என்ன குடி?" என்றுதான் கேட்டார். போடியாரின் குடியைச் சொன்னதும், அவருடைய சகோதரி வழியினர் இருக்கும் வளவுக்கு ஆளனுப்பினார்.

அங்கே ஒரு முதியவர் தேநீரும் பனங்கட்டியும் தந்து, முறை விசாரித்து, கடைசியில் என்னை மருமகனாக்கிக்கொண்டார். மூத்த போடியாரைத் தெரியுமா என்றேன்.

"தெரியாமல்? நல்ல பூமியையெல்லாம் மகளுக்கு எழுதிவிட்டு எங்களுக்குக் காட்டோரத்தைத் தள்ளியவர் அல்லவா!"

நான் சிரித்ததில் அவருக்குச் சற்றுக் கோபம். காட்டோரம் இப்போது காடில்லை, கண்ணுக்கெட்டும் வரை வேளாண்மை. அவர்களிடமும் பழைய உறுதிகள் இருக்கின்றனவாம், ஆனால் வங்கியில் ஈடாக. கடன் கட்டி மீட்டதும் அழைப்பதாகச் சொல்லியிருக்கிறார். இந்தப் போகம் விளைச்சல் சரியாக வந்தால் சித்திரைக்குள் பார்க்கலாம்.