நிண்டிட்டுதா தம்பி?

"நிண்டிட்டுதா தம்பி?" என்று கேட்டேன். "ஓம் அண்ணா, நிண்டிட்டுது" என்றான். நெட்வேர்க்கில் காணாமல் போன ஒரு சேர்வரைப் பற்றித்தான் கேட்டேன். உடனே, அது நின்றுவிட்டது என்று உறுதிசொல்லும் கன்ஃபர்ம் கட்டளையைக் கொடுத்துவிட்டேன்.

நான் நிலாவெளியில் வீட்டில். அவன் டவுனில், இரவுப் பணியில். நல்ல கார்த்திகை மழை. மோட்டார் சைக்கிளில் அரை மணிநேரத்தில் போயிருக்கலாம், போகவில்லை. காலையில் கவுண்டர் திறக்க முதல் எல்லாம் ஓட வேண்டும் என்ற அந்தரம்.

எங்கள் மூன்று சேர்வர்களும் ஒரே ஸ்டோரேஜில், பல சேர்வர்கள் பகிரும் ஃபைல் சிஸ்டமான ஜிஎஃப்எஸ்2 வழியாக, ஒரே நேரத்தில் எழுதுபவை. ஒன்று நெட்வேர்க்கில் காணாமல் போனால் அது செத்துவிட்டதா, தொடர்பு மட்டும் அறுந்ததா என்று மற்ற இரண்டுக்கும் தெரியாது. ஆகவே அதன் பவரை வெட்டியது உறுதியாகும்வரை அவை அப்படியே உறைந்து நிற்கும். வெட்டுவதற்கான மனேஜ்மென்ட் போர்ட்டோ அன்று மின்னலில் போன அதே நெட்வேர்க் சுவிட்சில் இருந்தது. அப்படி இணைத்ததும் நான்தான். மிஞ்சியது 'பிசிஎஸ் ஸ்டோனித் கன்ஃபர்ம்', அதாவது அந்த சேர்வர் நின்றுவிட்டது என்று மனிதன் கொடுக்கும் வாக்கு. நிற்காவிட்டால் டேட்டா பழுதாகலாம், நிச்சயமா என்று அது கேட்கும். எத்தனையோ தரம் வாசித்த வரி.

நின்றது ரேக்கில் இருந்த மானிட்டர். திரை கறுத்ததைத்தான் அவன் பார்த்திருக்கிறான். சேர்வரின் பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருந்தது, ஃபைபர் கேபிளும் ஸ்டோரேஜில்தான். மற்ற இரண்டும் அதன் ஜேர்னலை, அதாவது அது எழுத இருந்ததைக் குறித்துவைத்த பதிவை ஓட்டி, ஃபைல்களில் அது போட்டிருந்த பூட்டுகளை எடுத்துக்கொண்ட பிறகு, அது தன் மெமரியில் கிடந்ததை அதே இடத்தில் கொட்டியது. அடுத்த நாள் முழுக்க வால்யூமை இறக்கிவைத்து, ஃபைல் சிஸ்டத்தைச் சோதித்துத் திருத்தும் எஃப்எஸ்சிகே ஓட்டினேன். ஒரு நாள் பதிவுகள் போய்விட்டன. கவுண்டர் அக்காமார் பற்றுச்சீட்டுப் புத்தகங்களை விரித்து, மழையில் ஒட்டிப்போன கார்பன் தாள்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத் திரும்ப அடித்தார்கள்.

எந்த விளக்கு என்று நான் கேட்கவில்லை. இரண்டு பவர் வயரையும் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு சொல் என்றிருக்கலாம், இப்போது அப்படித்தான் சொல்கிறேன். ஆனால் அவனும் ஆறு மாதமாக அந்த ரேக்கோடு இருந்தவன்தானே, மானிட்டர் எது சேர்வர் எது என்று தெரியாதா? இப்படி நினைக்கும்போது கொஞ்சம் ஆறுதலாக இருக்கும். அப்புறம், அவனுக்கு அதைக் காட்டிக்கொடுத்திருக்க வேண்டியது யார் என்று வரும்.

அதைவிட உறுத்துவது வேறு. அன்று பின்னேரம் அவன் வந்து, "அண்ணா, நான் பிழையாப் பார்த்திட்டன்" என்றான். "பரவாயில்லை தம்பி" என்றேன். மன்னிப்பதற்கு நான் யார்? அறிக்கையிலும் 'சேர்வரின் நிலை தவறாக அறிவிக்கப்பட்டது' என்றுதான் எழுதினேன். பொய்யில்லை. வாசிக்கிற யாரும் அவனைத்தான் நினைப்பார்கள், எழுதும்போதே அது எனக்குத் தெரியும்.

அவன் இப்போது கொழும்பில் வேலை செய்கிறான். அந்த அறிக்கை அப்படியே இருக்கிறது, இரண்டு தரம் திறந்துவிட்டு மூடினேன்.