பெல்ட் கத்துகிறதா? கிராங்க் புல்லியையும் பாருங்கள்

காரில் ஆல்டர்நேட்டர், ஏசி போன்றவற்றை ஓட்டும் இன்ஜின் பெல்ட் கத்தினால் நம் ஊரில் முதல் வைத்தியம் புது பெல்ட். அதிலும் அடங்கவில்லை என்றால் பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனர், அப்புறம் ஆல்டர்நேட்டர் பேரிங் என்று வரிசையாகப் பணம் போகும். இத்தனையையும் ஓட்டுகிற கிராங்க் புல்லி மீது மட்டும் யாருக்கும் சந்தேகம் வராது, ஏனென்றால் பார்வைக்கு அது வெறும் இரும்புச் சக்கரம். என் பழைய டீசல் காரிலும் பெல்ட், டென்ஷனர் இரண்டும் மாற்றிய பிறகு ஏசி போட்டால் கீச் கீச் என்று சத்தம் வந்துகொண்டேதான் இருந்தது.

உண்மையில் அது ஒரே துண்டு இரும்பு இல்லை. பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க் ஷாஃப்ட்டோடு போல்ட் போட்டு இறுக்கிய ஹப் நடுவில், பெல்ட் ஓடும் கனமான வளையம் வெளியில், இரண்டையும் பிடித்து வைத்திருக்கும் ரப்பர் இடையில். நான்கு சிலிண்டர் இன்ஜினில் கிராங்க் ஒரு சுற்று சுற்றுவதற்குள் இரண்டு முறை எரிபொருள் எரிந்து பிஸ்டனைத் தள்ளும்; 800 ஆர்பிஎம் ஐடிலில் நிமிடத்துக்கு 1600 தள்ளல். ஒவ்வொன்றுக்கும் ஷாஃப்ட் துளியூண்டு முறுக்கிக்கொண்டு திரும்புகிறது, இந்த முறுக்கல் ஷாஃப்ட்டின் இயல்பான அதிர்வோடு ஒத்துப்போகும் வேகத்தில் ஆட்டம் பல மடங்காகும். அதை உறிஞ்சத்தான் அந்த ரப்பரும் வெளி வளையத்தின் கனமும். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நீளமான கிராங்க் வைத்த ஆறு சிலிண்டர் இன்ஜின்களில் ஷாஃப்ட்டே முறிந்திருக்கிறது. இங்கிலாந்தில் ராய்ஸும் லான்செஸ்டரும் அதற்கு வழி தேடியதில் பிறந்ததுதான் இப்படி அதிர்வை உறிஞ்சும் டேம்பர்.

சூட்டிலும் வயதிலும் ரப்பர் இறுகி வெடிக்கும், ஆயில் கசிந்து பட்டால் ஊறி உப்பும். டீசலில் தள்ளல் பலமாக இருப்பதால் சோதனை இன்னும் அதிகம். ஐடிலில் புல்லி தள்ளாடுவது, பெல்ட்டின் ஓரம் மட்டும் தேய்வது, இன்ஜினை அணைக்கும்போது லொடலொட என்று கேட்பது, ஸ்டீயரிங்கில் புதிதாக ஓர் அதிர்வு, இவையெல்லாம் அறிகுறிகள். புல்லி ஓரமாக நின்று போனில் ஸ்லோ மோஷன் வீடியோ எடுத்தால் தள்ளாட்டம் நன்றாகத் தெரியும். ஓடுகிற பெல்ட் பக்கம் கையையோ துணியையோ மட்டும் கொண்டுபோகாதீர்கள்.

எனக்குச் சந்தேகத்தைத் தீர்த்து வைத்தது ஒரு வொய்ட்னர் பேனா. இன்ஜினை அணைத்துவிட்டு, பெல்ட் இருக்கும் பக்கத்து முன்சக்கரத்தையும் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் மறைப்பையும் கழற்றி, ஹப்பில் தொடங்கி ரப்பரைத் தாண்டி வெளி வளையம் வரை ஒரே நேர்கோடு இழுத்தேன். கொஞ்ச நாள் ஓட்டிவிட்டுப் பார்த்தால் கோடு இரண்டாகப் பிரிந்து, வளையத்தில் இருந்த பாதி ஒரு விரல் அகலம் தள்ளிப்போய் நின்றது. ரப்பர் பிடியை விட்டுவிட்டது. நகத்தால் சுரண்டினேன், கறுப்புத் தூளாக உதிர்ந்தது. இதற்கு மேல் வேறு சாட்சி வேண்டாம்.

இப்படித் தெரிந்த பிறகு தள்ளிப்போடாதீர்கள். வளையம் பிரிந்தால் பெல்ட் தெறிக்கும், ஆல்டர்நேட்டர் நிற்கும், வாட்டர் பம்ப் அதே பெல்ட்டில் ஓடும் வண்டி என்றால் இன்ஜின் கொதிக்கும். சில இன்ஜின்களில் பிய்ந்த பெல்ட்டின் நார் புல்லிக்குப் பின்னால் புகுந்து வால்வுகளைச் சரியான நேரத்தில் இயக்கும் டைமிங் பெல்ட்டையே நழுவ வைத்துவிடும். அப்போது செலவு புல்லியோடு நிற்காது.

மாற்றும் வேலையில் கஷ்டமே அந்த நடு போல்ட்தான். வண்டியை ஜாக்கியில் மட்டும் நிறுத்தாமல் ஸ்டாண்ட் கொடுத்து, கிராங்க் சுற்றாமல் பிடிக்கும் டூல் போட்டுக் கழற்ற வேண்டும். ஸ்பேனரை மாட்டிவிட்டு ஸ்டார்ட்டரைத் தட்டும் வித்தையைச் சிலர் செய்கிறார்கள், ஸ்பேனர் தெறித்தால் கை போகும், யாரையும் அப்படிச் செய்ய விடாதீர்கள். இன்னொன்று மிக முக்கியம்: எல்லா இன்ஜினிலும் புல்லியை ஷாஃப்ட்டில் நழுவாமல் பிடிக்கும் சிறு இரும்புத் துண்டு (கீ) கிடையாது. ஃபோர்டின் டியூராடெக் மாதிரியான சிலவற்றில் போல்ட்டின் இறுக்கம்தான் டைமிங் ஸ்ப்ராக்கெட்டையே பிடித்திருக்கிறது. டைமிங் நகராமல் பூட்டி வைக்கும் டைமிங் லாக் டூல் போடாமல் அதைத் தளர்த்தினால் வால்வும் பிஸ்டனும் மோதுகிற அளவுக்குப் போகலாம். சர்வீஸ் மேனுவலைப் பார்க்காத மெக்கானிக்கிடம் இந்த வேலையைக் கொடுக்கவே வேண்டாம்.

புல்லி வராமல் அடம்பிடித்தால் புல்லர் என்ற இழுக்கும் கருவியை ஹப்பில் மாட்டித்தான் இழுக்க வேண்டும், வெளி வளையத்தில் அல்ல. கழன்றவுடன் பின்னால் இருக்கும் ஆயில் சீலைப் பாருங்கள், லேசாகக் கசிந்திருந்தாலும் அப்போதே மாற்றிவிடுவது நல்லது, இல்லாவிட்டால் புது ரப்பரும் ஆயிலில் ஊறும். நிறைய இன்ஜின்களில் பழைய போல்ட்டைத் திரும்பப் போடக்கூடாது. புதியதை, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சில் இறுக்கி, அதன் பிறகு மேனுவலில் சொன்ன கோணத்துக்குத் திருப்ப வேண்டும். இம்பாக்ட் கன்னில் அடித்து முடித்தால் கணக்கு தெரியாது.

பார்ட்டை இன்ஜின் நம்பர் சொல்லி ஒரிஜினலாகவே வாங்குங்கள். பிக்கப் கூடும் என்று சொல்லி ரப்பரே இல்லாத அலுமினிய புல்லி விற்கிறார்கள், பளபளவென்று அழகாகவும் இருக்கும். டேம்பரோடு வந்த இன்ஜினில் அதைப் போட்டால் அந்த முறுக்கல் முழுவதையும் கிராங்க் ஷாஃப்ட்டே தாங்க வேண்டும். இலவசமாகக் கொடுத்தாலும் என் வண்டியில் ஏற்ற மாட்டேன்.